கம்ப்யூட்டரில் சத்தம் பிசிறடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு போட்டால் குரல் உடைகிறது, படம் பார்த்தால் பின்னணியில் ஏதோ கரகரக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கிடைக்கும் யோசனை இரண்டுதான்: டிரைவரை (கம்ப்யூட்டரின் ஒரு கருவியை இயக்கும் மென்பொருளை) மாற்று, இல்லையா, ஸ்பீக்கரை மாற்று. இரண்டும் அவசர வைத்தியம். பிசிறு எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது இருட்டில் துழாவுவதுதான். நல்ல நிலையில் இருக்கும் ஸ்பீக்கர் குப்பைக்குப் போவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தக் கேள்வி பதில்களை எழுதுகிறேன்.

முதலில் எதைப் பார்ப்பது?

சத்தம் உங்கள் காதுக்கு வருமுன் ஒரு நீண்ட பாதையைக் கடந்து வருகிறது. பாட்டு ஃபைல், அதை ஓட்டும் பிளேயர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டிரைவர், சவுண்ட் சிப், ஜாக், வயர், ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர், கடைசியாக ஸ்பீக்கர் கூம்பு. இதை ஒவ்வொன்றாகச் சோதிக்கக் கிளம்பினால் பொழுது போய்விடும். பாதியாக வெட்டிப் பாருங்கள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, அதே ஜாக்கில் ஒரு ஹெட்போனைச் செருகி அதே பாட்டை அதே இடத்திலிருந்து கேளுங்கள். ஹெட்போனில் சுத்தமாக இருந்தால் கம்ப்யூட்டரை விட்டுவிடலாம், குறை வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. ஹெட்போனிலும் பிசிறு வந்தால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. அப்புறம் உறுதிக்காக அதே ஸ்பீக்கரை ஒரு போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மாட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது, தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று, வேறொரு பாட்டையும் போட்டுப் பாருங்கள். சில ஃபைல்கள் பதிவாகும்போதே உடைந்திருக்கும். அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

சத்தத்தைக் கேட்டே காரணத்தைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும், காது கொடுத்துக் கேட்டால். சத்தமான இடங்களில் மட்டும் கிழிந்த மாதிரி கேட்டால் எங்கோ வால்யூம் மிஞ்சிப் போயிருக்கிறது. சத்தத்தோடு சம்பந்தமே இல்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக 'டப்', 'சட்' என்று வெடித்தால் கம்ப்யூட்டர் ஒலியை நேரத்துக்குக் கொண்டு வந்து தரவில்லை. பாட்டை நிறுத்திய பிறகும் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் தொடர்ந்தால் கரண்ட் பக்கம் பாருங்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கலாகக் கேட்டால் ப்ளூடூத். பாட்டு வேகமாகவோ மெதுவாகவோ ஓடி சுருதி மாறியிருந்தால் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறது என்ற கணக்கு) பொருந்தவில்லை. குறிப்பிட்ட சில தாழ்ந்த சுரங்களில் மட்டும் கடகடத்தால் ஏதோ ஒரு பொருள் அதிர்கிறது.

வால்யூம் கூட்டினால் மட்டும் உடைகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் ஒலியை எண்களாகத்தான் வைத்திருக்கிறது. 16 பிட் ஒலியில் ஒரு அலை ஏறக்கூடிய உச்சம் 32,767. அதற்கு மேல் எண் கிடையாது. பிளேயரில் வால்யூமை 100-ஐத் தாண்டித் தள்ளினாலோ, ஈக்வலைசரில் (தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பட்டைகளில்) பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் மேலே ஏற்றி வைத்தாலோ அலை அந்த உச்சத்தைத் தாண்டப் பார்க்கிறது, முடியாமல் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய அலை சதுரமாகிவிடுவதால்தான் அந்தக் கிழிந்த சத்தம். ஒருமுறை வெட்டுப்பட்ட பிறகு ஸ்பீக்கர் குமிழைக் குறைத்தாலும் பிசிறு போகாது, சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

விஎல்சி பிளேயரின் வால்யூம் பட்டை 125 சதவீதம் வரை போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்கள் சிலவற்றில் சிஸ்டம் வால்யூமையே 150 வரை ஏற்ற ஒரு வசதி உண்டு. குரல் மெலிதாகப் பதிவான படத்தைப் பார்க்க ஒருநாள் ஏற்றி வைத்திருப்போம், அது அப்படியே நின்றுவிடும், ஒரு வாரம் கழித்து வேறு பாட்டு போடும்போது ஸ்பீக்கரைச் சந்தேகப்படுவோம்.

சரி செய்வது இப்படி: ஈக்வலைசரை முழுதும் அணையுங்கள். பிளேயரில் 100, சிஸ்டத்தில் 70 முதல் 90 வரை. மிச்சத்தை ஸ்பீக்கரின் குமிழால் கூட்டுங்கள். பாஸ் அதிகம் வேண்டும் என்பவர்கள் பாஸை ஏற்றுவதற்குப் பதிலாக மற்றவற்றை இறக்கிப் பாருங்கள், அதே விளைவு கிடைக்கும், அலையும் வெட்டுப்படாது. இத்தனைக்கும் பிறகு பாதி வால்யூமிலேயே உடைந்தால், அப்போது ஸ்பீக்கரைச் சந்தேகப்படலாம்.

இடையிடையே சடசடவென்று வெடிக்கிறது. பிரவுசரில் பத்து டேப் திறந்திருந்தால் இன்னும் மோசம். ஏன்?

ஒலி, கம்ப்யூட்டரிலிருந்து சவுண்ட் சிப்புக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருப்பதில்லை. வாளி வாளியாகப் போகிறது. அந்த வாளிக்குப் பெயர் பஃபர். விண்டோஸ் வழக்கமாக 10 மில்லிசெகண்டுக்கு ஒரு வாளி அனுப்புகிறது, அதாவது நொடிக்கு நூறு. ப்ராசஸர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு வாளி தாமதமானாலும் சிப் வெறும் கையோடு நிற்கும், அந்த இடைவெளிதான் உங்கள் காதில் 'சட்' என்று விழுகிறது.

இதில் வேடிக்கை, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ப்ராசஸர் இருபது சதவீதம்தான் ஓடிக்கொண்டிருக்கும். மொத்த வேலைப் பளு இங்கே முக்கியமில்லை. ஏதாவது ஒரு டிரைவர், பெரும்பாலும் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர், சில மில்லிசெகண்டுகள் ப்ராசஸரை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டாலே போதும், வாளி தவறிவிடும். எது என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் (LatencyMon) என்ற விண்டோஸ் புரோகிராம் உதவும். அதை ஓடவிட்டு, பத்து நிமிடம் வழக்கம்போல் பாட்டு கேட்டுக்கொண்டிருங்கள். அதிக நேரம் எடுத்துக்கொண்ட டிரைவர் ஃபைலின் பெயரைக் காட்டும்.

அந்த அளவுக்குப் போகுமுன் எளிய சோதனைகள் இருக்கின்றன. வைஃபையை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பாட்டைப் போடுங்கள். வெடிப்பு நின்றுவிட்டால் ஆள் பிடிபட்டுவிட்டது, வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி சேமிப்பு மோடிலிருந்து மாற்றிப் பாருங்கள், சார்ஜரில் போட்டதும் சரியாகிவிடும் கேஸ்கள் நிறைய. ரொம்ப சூடானாலும் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் விசிறித் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இசைப்பதிவு மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்திருந்தால் 512 ஆக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 128 என்பது மூன்று மில்லிசெகண்டுகூட இல்லை, 512 என்றால் பத்தரைக்கு மேல் அவகாசம் கிடைக்கும்.

விண்டோஸில் எந்த செட்டிங்கை முதலில் மாற்றுவது?

ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ். சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கர் பெயரைத் தட்டினால் உள்ளே இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். குரலைத் தெளிவாக்குகிறேன், சுற்றொலி தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இவை ஒலியை நடுவழியில் பிசைகின்றன. லேப்டாப்போடு வரும் தனி ஆடியோ புரோகிராம் ஏதாவது இருந்தால் அதிலும் இதே மாதிரி சமாசாரங்கள் இருக்கும், அங்கேயும் அணைக்க வேண்டும்.

அதே பக்கத்தில் ஃபார்மட் என்று ஒன்று இருக்கும். அங்கே மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் நல்லது என்று நினைத்து 1,92,000 ஹெர்ட்ஸ் போட்டு வைப்பவர்கள் உண்டு. காதுக்கு எந்த லாபமும் இல்லை, வேலை மட்டும் நான்கு மடங்கு. சிடி பாட்டு 44,100 ஹெர்ட்ஸ், வீடியோக்கள் வழக்கமாக 48,000. 24 பிட், 48,000 என்று வைத்துவிடுங்கள்.

சுருதி மாறி ஓடும் பிரச்சினைக்கும் இந்த எண்களே காரணம். 44,100-ல் பதிவான பாட்டை ஏதோ குழப்பத்தில் 48,000 என்று எண்ணி ஓட்டினால் எட்டு சதவீதத்துக்கு மேல் வேகம் கூடும், பாடுபவர் குரல் சட்டென்று இளசாகிவிடும். ஒரே ஸ்பீக்கரைப் பல புரோகிராம்கள் வேறு வேறு ரேட்டில் கேட்கும்போது இப்படி நடக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்தது. அப்டேட் ஆனதிலிருந்துதான் இப்படி.

அப்படியானால் டிரைவரைத் தொட நியாயம் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் உங்கள் ஆடியோ கருவியைத் திறந்து, டிரைவர் என்ற தாவலில் ரோல் பேக் டிரைவர் பட்டன் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள், பழையது திரும்பிவிடும். பட்டன் மங்கிக் கிடந்தால், அங்கேயே அப்டேட் டிரைவர் வழியாகப் போய், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பட்டியலிலிருந்து ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பொதுவான டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அலங்காரம் ஒன்றும் இருக்காது, ஆனால் சத்தம் சுத்தமாக வரும். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களை மட்டும் தயவுசெய்து இறக்காதீர்கள். கம்ப்யூட்டர் அல்லது மதர்போர்டு தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலுக்கு இருப்பதை எடுத்தால் போதும்.

பாட்டு வருகிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோம். இது என்ன மாயம்?

என் அக்கா மகன் ஒருநாள் போன் செய்து, "மாமா, மியூசிக் எல்லாம் நல்லா வருது, பாடுறவங்கதான் எங்கேயோ தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்றான். டிரைவர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டானாம். ஹெட்போன் பிளக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். 'டக்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி அவனுக்குக் குரல் வந்துவிட்டது.

பிளக்கைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உலோகத் தண்டில் கருப்பு வளையங்கள் தெரியும், இரண்டு அல்லது மூன்று. அவை தண்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன: நுனி இடது காது, அடுத்தது வலது காது, அப்புறம் இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதை. பிளக் முழுதாக உட்காராமல் அந்தப் பொதுப் பாதை விடுபட்டால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகிறது, ஓரங்களில் வாசிக்கும் கருவிகள் தப்பித்துவிடுகின்றன.

பிளக் முழுதாக உள்ளே போயும் இப்படி இருந்தால், மூன்று வளையம் உள்ள மைக் ஹெட்போனில் மைக்கும் பொதுப் பாதையும் இடம் மாறியிருக்கலாம். பழைய ஹெட்செட்கள் சிலவற்றில் அந்த வரிசை வேறு. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்புகிறதா பாருங்கள், திரும்பினால் இதுதான் காரணம். மாற்று வரிசைக்கான சிறு கன்வெர்ட்டர் வயர் கிடைக்கும்.

பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

இது மின்சாரத்தின் குரல். வீட்டுக்கு வரும் கரண்ட் நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது, நீங்கள் கேட்பது அதைத்தான். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வேறு வேறு சுவர் பிளக்கில் இருந்தால், இரண்டின் எர்த்தும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகி அந்த முனகலைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், முனகல் அந்த நொடியே நின்றால் விஷயம் உறுதி. அப்படியும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் என்ற சின்னக் கருவியை ஆடியோ வயரின் நடுவில் போடலாம்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எர்த் பின்னை உடைப்பது, எர்த் இல்லாத பிளக்கில் மாட்டுவது. முனகல் நிற்கும்தான். ஆனால் உள்ளே ஏதாவது கசிந்தால் தொடுகிறவரைக் காப்பாற்ற வேறு வழி இருக்காது.

மவுஸை அசைத்தால் ஸ்பீக்கர் 'கீச்' என்கிறது!

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஆடியோ பாதையில் கசிகிறது. முன்பக்க ஜாக்கில்தான் இது அதிகம், ஏனென்றால் அதன் வயர் மதர்போர்டைச் சுற்றி வளைத்து வருகிறது. பின்பக்கத்தில் பச்சை நிற ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். (இளநீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க, இளஞ்சிவப்பு மைக்குக்கு.) அங்கேயும் வந்தால், சிறிய யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று பிரச்சினையைப் பெட்டிக்கு வெளியே கொண்டு வந்துவிடும்.

ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்திருந்து 'டிட்டி டிட்டி' என்று விட்டுவிட்டுக் கேட்டால் அது போனின் ரேடியோ அலை. பழைய 2ஜி இணைப்பில் இருக்கும் போன்கள் நொடிக்கு 217 முறை துடிப்பதால் வருவது. போனை ஓரடி தள்ளி வையுங்கள்.

ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமை, ஆனால் வீடியோ காலில் எல்லாம் மங்கிப்போகிறது. ஹெட்போன் கோளாறா?

இல்லை. வழக்கமான ப்ளூடூத்தில் நல்ல தரமான ஸ்டீரியோவும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. எந்தப் புரோகிராமாவது மைக்கைத் திறந்த கணமே ஹெட்போன் தொலைபேசி மோடுக்கு மாறிவிடும், அதில் ஒலி மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), சாம்பிள் ரேட் 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் கிணற்றுக் குரல். தீர்வு ரொம்ப எளிது: மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் பாட்டுத் தரத்திலேயே நிற்கும்.

விட்டுவிட்டுக் கேட்பது தனிக் கதை. யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும், ப்ளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ப்ளூடூத் டாங்கிளை (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவியை) ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்தால் போதும்.

சில சுரங்களில் மட்டும் கடகடவென்று அதிர்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பாட்டின் குறிப்பிட்ட தாழ்ந்த சுரத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், வலது ஸ்பீக்கர் கடகடக்கும். கூம்பு கிழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டியின் ஒவ்வொரு பக்கமாக உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். பின்பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. ஒரு திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது.

எனவே முதலில் மேஜையைக் காலி செய்யுங்கள், பேனா, சாவிக்கொத்து, கண்ணாடி டம்ளர் எல்லாம் அதிரும். அப்புறம் கையால் அழுத்தும் சோதனை. இரண்டிலும் நிற்காவிட்டால் கரண்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கூம்பின் இரு ஓரத்திலும் விரல்களை வைத்து மெல்ல, நேராக உள்ளே தள்ளுங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் இடம் பிசகியிருக்கிறது, ஓரத்து ரப்பரோ ஃபோமோ உதிர்ந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. அணைத்துவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது முறை திருகுங்கள், பல நேரம் அதுவே போதும். இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர்.

பாட்டு தொடங்கும்போது ஒரே ஒரு 'டப்'?

மின்சாரம் சேமிக்க சவுண்ட் சிப் தூங்கிவிட்டு எழுகிறது. கெடுதல் இல்லை. தொந்தரவாக இருந்தால் ஆடியோவுக்கான பவர் சேவிங்கை அணைக்கலாம்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள்?

மேக்கில் சத்தம் திடீரென்று கரகரத்தால் ஆக்டிவிட்டி மானிட்டரில் கோர்ஆடியோடி (coreaudiod, ஒலியைக் கவனிக்கும் பின்னணி புரோகிராம்) என்பதைத் தேடி நிறுத்துங்கள், அது தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும். சாம்பிள் ரேட்டை ஆடியோ மிடி செட்டப்பில் பார்க்கலாம். லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ சர்வீஸை மறுதொடக்கம் செய்வது முதல் படி. டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் திறந்து பூஸ்ட் என்று பெயர் கொண்ட பட்டைகள் மேலே ஏறியிருந்தால் இறக்குங்கள், டெஸ்க்டாப் வால்யூம் பட்டையில் இவை தெரிவதே இல்லை.

என் குரல்தான் எதிரில் இருப்பவர்களுக்கு உடைந்து கேட்கிறதாம்.

உங்கள் குரலைக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்து கேளுங்கள். பதிவிலும் உடைந்திருந்தால் மைக் பூஸ்ட் (மைக் ஒலியைப் பெரிதாக்கும் செட்டிங்) 20, 30 டெசிபல் என்று ஏறிக் கிடக்கும், அதைப் பூஜ்யமாக்கி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக வையுங்கள். பதிவு சுத்தமாக இருந்து வீடியோ காலில் மட்டும் ரோபோ மாதிரி கேட்டால் அது இன்டர்நெட். மைக்கைத் திட்ட வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று. சிப்பே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். டிஸ்க்கில் இருப்பது எதுவும் மாறாது. அங்கே அதே ஜாக்கில், அதே ஹெட்போனில் பாட்டு போடுங்கள். சுத்தமாகக் கேட்டால் சிப் நலமாக இருக்கிறது, உங்கள் விண்டோஸில்தான் குறை. அங்கேயும் அதே பிசிறு வந்தால் ஜாக்கோ சிப்போ பழுது. பிளக்கை மெல்ல ஆட்டும்போது பிசிறு வந்து வந்து போனால் ஜாக், ஆட்டினாலும் மாறாவிட்டால் சிப். எதுவாக இருந்தாலும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை, முன்னால் சொன்ன யுஎஸ்பி சவுண்ட் அடாப்டரை மாட்டி, சவுண்ட் செட்டிங்ஸில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்தச் சிப்பின் வேலையை அது முழுதாக எடுத்துக்கொள்ளும்.